காந்திமதி போட்ட நாடகம்

காந்திமதி இறந்துவிட்டதை வத்தலக்குண்டிலிருந்து அவள் அண்ணன் மகள் ஃபோனில் சொன்னாள். "அத்தை காலையில போயிட்டாங்க. நீங்க வருவீங்கள்ல?" வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். திண்டுக்கல் தொலைபேசி நிலையத்தில் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்து, ஊராருக்கு வரும் நல்லதையும் கெட்டதையும் இணைத்துக் கொடுத்தவர்கள் நாங்கள்.

அவளோடு வேலை பார்த்தவர்கள் அவளுடைய குரலைச் சொல்வார்கள். அவள் எழுதி, மெட்டமைத்து, மேடையேற்றிய இசை நாடகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது பாதியில் நின்றுபோனது. ஏன் நின்றது என்பதை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதமாட்டார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வறட்சிக் காலம். நத்தம் பக்கத்து ஊர் ஒன்றில், கிணற்றை ஆழப்படுத்தும்போது பக்கச் சுவர் சரிந்து மூன்று பெண்கள் மண்ணுக்குள் போய்விட்டார்கள். தீயணைப்பு வண்டி கேட்டு அந்த ஊர்த் தபால் நிலையத்திலிருந்து வந்த அழைப்பை எடுத்தவள் காந்திமதி. பேசியவர் அந்த மூவரில் ஒருத்தியின் கணவர். வண்டி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்களிடம் அவள் சொன்னது அவ்வளவுதான்.

சில மாதங்களில் பாட்டெழுதத் தொடங்கினாள். நாகல் நகரில் ஒரு டுடோரியல் வகுப்பின் மாடியில் ஒத்திகை. செத்துப்போன மூவரில் ஒருத்தி வேடம் எனக்கு. முட்டுக்கொடுக்காமல் தோண்டச் சொன்ன காண்ட்ராக்டரைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. நாடகம் போடக் கேட்டிருந்த மண்டபத்தின் செயலாளர் அதை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். காந்திமதி ஒத்துக்கொள்ளவில்லை. "அத எடுத்துட்டா அவுகளா விழுந்து செத்த மாதிரி ஆயிரும் சார்." மண்டபம் கிடைக்கவில்லை. கதைசொல்லியாகப் பாட இருந்தவர் பூட்டுக் கம்பெனியில் வேலை செய்தார். அவர் வீட்டுக்கு யாரோ போய்ப் பேசியிருக்கிறார்கள். "எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைகம்மா" என்று சொல்லிவிட்டு விலகிக்கொண்டார்.

"நானே பாடுறேன். அந்த ஊர்லயே போடுவோம்" என்றாள் காந்திமதி.

"வேண்டாம் புள்ள. செத்தவுக வீட்டுல கேட்டுட்டாவது செய்வோம்" என்றேன்.

"ஊர்ப் பெரியவர்ட்ட கேட்டாச்சு."

இன்னொன்றும் கேட்டேன். நாடகத்தில் காண்ட்ராக்டர் இருக்கிறான், தபால்காரர் இருக்கிறார், ஃபோனில் இருந்தவள் மட்டும் ஏன் இல்லை? "அவ எதுக்கு?" என்று சொல்லிவிட்டு ஆர்மோனியத்தை இழுத்துக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்ததும் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நாடகம் தொடங்கியது. ஊரே வந்திருந்தது. யாரும் கைதட்டவில்லை. நான் தலையில் மண்கூடையோடு நிற்க, ஓரத்தில் உட்கார்ந்து அவள் மைக்கில் பாடிக்கொண்டிருந்தாள். சுவர் சரியும் பாட்டு வந்தபோது முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். கையில் ஒரு பெண்குழந்தை.

"செத்த நேரம் நிப்பாட்டு தாயி."

பாட்டு நின்றது.

"வண்டி வந்துக்கிட்டே இருக்கு, லைன விட்டுறாதீகன்னு சொன்னது நீதான? உன் குரலுதான?"

"ஆமாண்ணே."

"நீ சொன்னியேன்னு நான் ஃபோனப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். மண்ணள்ளப் போகல."

அவள் எழுந்துவிட்டாள். "வண்டி வேற ஊருக்குப் போயிருந்துச்சுண்ணே. எப்ப வரும்னு எனக்கே தெரியாது. நீங்க அழுதீக. அதனால அப்படிச் சொல்லிட்டேன்."

அவர் திட்டவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் பின்னால் ஊரும் எழுந்தது. மைதானம் காலியானபின் ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "குடிச்சுட்டுக் கிளம்புங்கம்மா."

திரும்பி வரும்போது வேனில் காந்திமதி ஒரே ஒரு முறை பேசினாள். "அவுகளுக்காகத்தான் எழுதுறேன்னு நெனச்சேன் புள்ள."

அந்த நாடகம் அதன்பின் மேடையேறவில்லை. காண்ட்ராக்டர் வேறு ஊர்களில் வேறு கிணறுகளை எடுத்துக்கொண்டிருந்தான். நாடகம் ஊத்திக்கொண்டது என்று திண்டுக்கல்லில் சிரித்தார்கள். காந்திமதி ஒருநாள் தனியாக அந்த ஊருக்குப் போனாள். நாடகத்தை நிறுத்திய அந்த மனிதர் பிள்ளைகளோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். மண்ணள்ளப் போகாதது அவர் குற்றமில்லை என்று அவரிடம் சொல்லத்தான் போனாளாம். சொல்ல முடியாமலே போய்விட்டது.

பிறகு அவள் பாடி நான் கேட்டதில்லை. வேலையிலும் ஆளே மாறிவிட்டாள். யார் எவ்வளவு பதறினாலும், தனக்கு உறுதியாகத் தெரியாத எதையும் சொல்லமாட்டாள். "தெரியலங்க. விசாரிச்சுச் சொல்றேன், இருங்க" என்பாள். ஈரமில்லாதவள் என்று புகார்கூட வந்தது. நானும் சில நாள் அப்படி நினைத்ததுண்டு.

பல வருஷம் கழித்து என் கணவர் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். வந்தவர்கள் எல்லாம் சரியாகிவிடும், வீட்டுக்கு வந்துவிடுவார் என்றார்கள். ஒருவரையும் என்னால் நம்ப முடியவில்லை. காந்திமதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பொழைச்சுருவாராடி?" என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியல புள்ள. ஆனா நான் இங்கனதான் இருப்பேன்."

அவர் பிழைக்கவில்லை. அவள் எழுந்து போகவும் இல்லை. காந்திமதியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த இரண்டு வாக்கியங்கள்தான். அவளைப் போல அவற்றைச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.