ஓகேவுக்கும் ரிஜெக்ட்டுக்கும் நடுவே

டைல்ஸ் தொழிற்சாலையில் அவருக்கு டொக்கு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வேலை இதுதான்: சூளையில் வெந்த டைல்கள் பெல்ட்டில் வரிசையாக நகர்ந்து வரும். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்ப்பார், விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். நல்ல டைல் 'ணங்' என்னும். உள்ளே விரிசல் விட்டது 'டொக்' என்னும். ணங் என்றால் "ஓகே." டொக் என்றால் "ரிஜெக்ட்." அது பக்கத்துத் தொட்டியில் போய் விழும். காலையில் ஸ்டூலில் ஏறியவர் சாயங்காலம் இறங்குகிறவரை அந்த வாயிலிருந்து மூன்றாவது வார்த்தை வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

வேலையை வேலை இடத்திலேயே விட்டுவிட்டு வருகிற மனிதராக இருந்தால் இந்தக் கதைக்கு அவசியமில்லை. அவரோ வீட்டுக்கும் அதே கண்ணோடுதான் வருவார். மகள் முடியைக் கத்தரித்துக்கொண்டு ஆசையாக வந்து நின்றாள்; "ரிஜெக்ட்." பக்கத்து வீட்டுக்காரர் புதுக் காரைக் காட்டினார், "ஓகே. கதவு ரிஜெக்ட்." மனதில் துளிக்கூடக் கெட்ட எண்ணம் கிடையாது. கண்ணில் பட்டது நாக்கில் வந்துவிடும், அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்குத்தான் கெட்ட எண்ணம் வந்துவிடுகிறது, அதற்கு அவர் என்ன செய்வார், பாவம்.

அவருடைய மனைவிக்கு உடன்பிறந்தவர் ஒரே அண்ணன். பல் டாக்டர். வயது ஏறியதும் நோயாளிகளைக் குறைத்துக்கொண்டு ஓவியம் வரைய ஆரம்பித்தார். மலை, மரம், மாடு என்று வாய் திறக்காத பொருள்களை வரைந்திருந்தால் ஊருக்கு நல்லது. அவர் வரைந்ததெல்லாம் சொந்தக்காரர்களின் முகங்கள். வாழ்நாள் முழுக்க மனிதர்களை வாய் வழியாக மட்டுமே பார்த்தவர் அல்லவா? அவர் வரைந்த முகத்தில் கண் எங்கேயோ கிடக்கும், மூக்கு ஏதோ ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். பற்கள் மட்டும் ஒன்றுவிடாமல் பளிச்சென்று, கடைவாய்வரைக்கும் எண்ணிப் பார்க்கலாம்போல இருக்கும். பொக்கை வாயோடு கண்ணை மூடிய தன் அப்பாவுக்குக்கூட இரண்டு வரிசையையும் முழுசாகத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

அந்த அப்பா படத்தைத்தான் டாக்டர் முதன்முதலில் கொண்டுவந்து டொக்குவின் வீட்டுக் கூடத்தில் சாய்த்து வைத்து, "எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டார். டொக்கு பார்த்தார். பழக்கதோஷத்தில் சட்டத்தை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். "ரிஜெக்ட்" என்றார்.

படத்தைத் தூக்கிக்கொண்டு போன டாக்டர் அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. மகளின் பல்வலிக்கு ஊர் பேர் தெரியாத டாக்டரிடம் போக வேண்டி வந்தது. மனைவி கத்தவில்லை, சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால், அண்ணன் வழக்கமாக உட்காரும் நாற்காலியைத் துடைத்து, அதன் இடத்தில் இழுத்துப் போட்டு, சற்று நேரம் அதையே பார்த்துவிட்டு உள்ளே போவாள். திட்டித் தீர்த்திருந்தால்கூட டொக்கு தாங்கியிருப்பார். இது அவரைக் கொன்றது.

ஒரு வருஷத்துக்கு மேலே ஓடிய பிறகு ஒருநாள் மனைவி ஓடிவந்தாள். முகமெல்லாம் வெளிச்சம்.

"அண்ணன் போன் பண்ணினாருங்க. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளினிக்ல படமெல்லாம் மாட்டிக் கண்காட்சி வைக்கிறாராம். என்னையும் வரைஞ்சிருக்காராம், அதுதான் பெரிய படமாம். நீங்க வந்து அதைப் பத்தி நாலு வார்த்தை பேசணும்னு சொல்றாரு."

"ரெண்டு போதாதா?" என்றார் டொக்கு.

"அந்த ரெண்டும் வேண்டாம். நீங்க ஓகேன்னா பொய்னு அவருக்குத் தெரிஞ்சிடும். உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது, காது சிவந்துடும். இன்னொண்ணைச் சொன்னீங்கன்னா எனக்கு அண்ணன் இல்லைன்னு ஆயிடும். பேசாம நின்னாலும் அதே கதிதான். பார்த்துக்கங்க."

உண்மையையும் சொல்லக் கூடாது, பொய்யையும் சொல்லக் கூடாது, வாயை மூடிக்கொண்டும் இருக்கக் கூடாது என்றால் ஒரு மனிதன் என்னதான் சொல்வான்? டொக்கு, படம் பார்க்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, நகரத்து ஓவியக் கூடத்துக்குப் பஸ் ஏறினார்.

அங்கே ஒரு அம்மாள் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு படம் படமாக விளக்கிப் போனாள். டொக்கு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தட்டிவிடாமல், அந்தக் கூட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டார். முதல் படத்தில் யாரோ சிவப்புச் சாயத்தைக் கொட்டி இழுத்த மாதிரி இருந்தது. ரிஜெக்ட் என்றது அவர் மனம். "இந்தக் கோட்டில இருக்கிற துணிச்சலைப் பாருங்க" என்றாள் அம்மாள். அடுத்த படத்தில் முக்கால்வாசி வெள்ளையாகவே கிடந்தது. "இந்த வெற்று இடம் சும்மா இல்லை. படம் இங்கதான் மூச்சு விடுது." அதற்கடுத்த படத்துப் பெண்ணுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம். "சமச்சீரை வேணும்னே உடைச்சிருக்காங்க. அதனாலதான் நம்மால இவங்களைச் சும்மா கடந்து போக முடியலை." பத்துப் பேரும் தலையாட்டினார்கள். ஒருவர் பெருமூச்சே விட்டார்.

ஓகேவுக்கும் ரிஜெக்ட்டுக்கும் நடுவே இவ்வளவு பெரிய ஊர் இருக்கிறது என்று இத்தனை வயதுக்கு டொக்குவிடம் யாரும் சொல்லவில்லையே. இவள் சொன்னது எதுவும் பொய்யில்லை. கோடு துணிச்சலாகத்தான் இருந்தது. வெற்று இடம் வெற்றாகத்தான் இருந்தது. யார் மனமும் புண்படவும் இல்லை.

கடைசியில் தயங்கித் தயங்கி அருகில் போய்க் கேட்டார். "ஏம்மா, ஒரு படம் நல்லாவே இல்லைன்னா என்ன சொல்லுவீங்க?"

அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "'ரொம்ப நேர்மையான முயற்சி'ன்னு சொல்லுவோம்."

அன்று முதல் டொக்கு கற்ற வார்த்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். காலையில் மனைவி வைத்த பொரித்த முட்டையைத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மஞ்சளை மையத்துக்கு வர விடாம ஓரமா ஒதுக்கியிருக்கே. அமைப்புல ஒரு பதற்றம் இருக்கு" என்றார். மனைவி, "ஆறிடும், சாப்பிடுங்க" என்றாள். மகளின் கணக்குத் தேர்வு விடைத்தாளைப் பார்த்து, பக்கம் நிறைய மூச்சு விட இடம் இருப்பதாகப் பாராட்டினார். அவள் அதை ஆசிரியரிடம் போய்ச் சொல்லி, வகுப்புக்கு வெளியே நின்றாள்.

வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஒரு டைலைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தார். ஒரு மூலை வளைந்து, மேலே தீற்றலாக ஒரு நீலக் கறை.

"அண்ணே, இது எப்படிண்ணே பாஸ் ஆச்சு?"

டொக்கு அதை வாங்கி, கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தார். "சமச்சீரை உடைச்சிருக்கு சார். சும்மா கடந்து போக முடியலை."

"இதைத் தரையில போட்டா யாருமே கடந்து போக முடியாதுண்ணே. தடுக்கி விழுவாங்க. இந்த மாதிரி ஒரு பெட்டியே போயிருக்கு." சூப்பர்வைசர் நல்ல மனிதர். டைலைத் தொட்டியில் போட்டுவிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். "இருக்கு சார், ஞாயிற்றுக்கிழமை முடிஞ்சிடும்" என்றார் டொக்கு.

அந்த ஞாயிறும் வந்தது. கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் எள் விழ இடமில்லை. சுவரெல்லாம் சொந்தக்காரர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கினார்கள். கீழே அதே சொந்தக்காரர்கள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்கள். கண்காட்சி என்று தெரியாமல் பல்வலியோடு வந்துவிட்ட ஒருவர், வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி படம் படமாகப் பார்த்து மேலும் கலங்கிக்கொண்டிருந்தார்.

நடுச்சுவரில் டொக்குவின் மனைவி. ஆளுயரப் படம். வாய் காதுவரைக்கும் திறந்திருந்தது. கடைவாயில் அண்ணனே அடைத்த பல்கூட அப்படியே பளபளத்தது. டொக்குவின் விரல் முட்டி தானாக மடங்கியது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றார். தண்ணீர் கேன் பக்கத்தில் மனைவி, தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் கோட்டில ஒரு துணிச்சல் இருக்கு" என்று டொக்கு ஆரம்பித்தார். அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. வெள்ளை நிறத்தைக் கையாண்டிருக்கும் தாராளம், மூக்கை ஒதுக்கியதில் உள்ள துறவு, சமச்சீர் உடைந்த விதம், பார்க்கிறவரைத் தூங்கவிடாத அந்த வாய். மொத்தத்தில் ரொம்ப நேர்மையான முயற்சி. கூட்டம் கைதட்டியது. வீங்கிய கன்னக்காரரும் ஒரு கையால் தொடையில் தட்டினார். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தோடு முடிந்திருந்தால் எல்லோரும் காபி குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். டாக்டர் கிட்டே வந்து, டொக்குவின் தோளில் கையைப் போட்டு, சின்னக் குரலில் கேட்டார். "எனக்கு அதெல்லாம் புரியலை மாப்பிள்ளை. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது என் தங்கச்சி மாதிரி இருக்கா?"

டொக்கு மனப்பாடம் செய்த மூட்டையை அவிழ்த்து உதறிப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு அதில் ஒரு வார்த்தையும் இல்லை. படத்தைப் பார்த்தார். தண்ணீர் கேன் பக்கம் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இல்லை மச்சான்" என்றார்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ரிஜெக்ட்டைவிட மோசமான வார்த்தையைச் சொல்லிவிட்டோம் என்பது டொக்குவுக்கே தெரிந்தது. ஆனால் பார்க்க ஆரம்பித்த கண்ணை இனி எப்படித் திருப்புவது?

"அவ சிரிச்சா பல்லே தெரியாது மச்சான். உதட்டை இறுக்கி மூடிக்குவா. சிரிப்பு எங்கயாவது போகணுமில்ல, அது வலது கன்னத்துக்குப் போயிடும். அங்க ஒரு சின்ன நிழல் விழும். அது விழுந்தா, அன்னிக்கு நான் தைரியமா வீட்டுக்குள்ள போகலாம்னு அர்த்தம். நெத்தியில மூணு கோடு இருக்கு. மேல ரெண்டும் மக படிப்புக்கு வந்தது. கீழே இருக்கிறது என்னால வந்தது, அதைப் போடாம விட்டுட்டீங்க. காதுக்குப் பின்னால ஒரு முடி எப்பவும் தப்பிச்சுத் தனியா நிக்கும். பேசறப்போ ஆளைப் பார்க்க மாட்டா. பேசி முடிச்சப்புறம்தான் நிமிர்ந்து பார்ப்பா. அந்தப் பார்வை..." அவர் மறுபடி தண்ணீர் கேன் பக்கம் பார்த்தார். "அதைப் பார்த்துட்டு நான் ஒருநாளும் எதிர்த்துப் பேசினதில்லை."

டாக்டர் திரும்பித் தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

"மூடிக்கிட்டா சிரிப்பா?" என்றார். "நான் அவ வாயைத் திறந்துதான் பார்த்திருக்கேன் மாப்பிள்ளை. சின்னப் பிள்ளையிலேருந்து."

பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். ஒரு கையில் அதையும் இன்னொரு கையில் தங்கையையும் இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். பல் பிடுங்கும் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, மேல் விளக்கைப் போட்டு, தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். சாயத்தைக் கரைக்கும் எண்ணெயில் நனைத்த துணியால் படத்திலிருந்த பல் வரிசை முழுவதையும் ஒரே இழுப்பில் துடைத்தெடுத்தார். "டாக்டர், என் பல்லு?" என்று வாசலில் வந்து நின்ற வீங்கிய கன்னத்துக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்து உட்காரச் சொன்னார். தூரிகையை எடுத்துக்கொண்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரு ஆளிடம் தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, "வாயை மூடு" என்றார்.

அவளால் மூட முடியவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துகொண்டிருந்தன.

"மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க" என்றார் டாக்டர். டொக்கு பக்கத்தில் நின்று நெற்றியைச் சொன்னார், கன்னத்தைச் சொன்னார், தப்பித்து நிற்கும் முடியைச் சொன்னார். டாக்டர் வரைந்தார். வெளியே கூட்டம் காபி குடித்து, கதை பேசி, மெல்லக் கலைந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து படத்தைப் பார்த்தாள்.

"கன்னம் இன்னும் சரியா வரலைண்ணே. அந்த நிழலைப் பத்தி அவரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

டாக்டர் படத்தைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். கன்னம் சரியாகத்தான் வந்திருந்தது. தூரிகையைக் கழுவ ஆரம்பித்தார். அவள் திரும்ப நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். டொக்கு தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து சொன்னார்.