கோபுரம் பார்த்த கழுத்து

"கழுத்து நார்மல்னு எழுதிக் குடுத்துடும்மா" என்று பெரிய டாக்டர் சொன்னபோது கோனியோமீட்டர் என் கையில்தான் இருந்தது. கழுத்து எத்தனை டிகிரி அசைகிறது என்று அளக்கும் கருவி அது. அது காட்டியதை மாற்றி எழுதச் சொல்கிறார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் பிசியோதெரபிஸ்ட். எதிரே நாற்காலியில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தார். கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை (இங்கே மல்லாட்டை என்பார்கள்) ஆலையில் தலையில் மூட்டை சுமப்பவர். கழுத்துவலி தாங்காமல், உட்கார்ந்து கடலை பொறுக்கும் வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருந்தார். கழுத்தில் கோளாறு இருந்தால் மாற்றுவோம், இல்லாவிட்டால் மூட்டை தூக்கட்டும் அல்லது வேலையை விட்டு நின்றுகொள்ளட்டும் என்று ஆலை சொல்லிவிட்டது.

கூட வந்த ஆலை மேஸ்திரி விடவில்லை. "எல்லாம் நடிப்பு டாக்டர். போன பௌர்ணமிக்குக் கோயில்ல ராஜகோபுரத்த அண்ணாந்து பாத்துக் கும்புட்டாங்க. நானே பாத்தேன். மல்லாட்ட மூட்டன்னா மட்டும் வலிக்குதாம்."

கன்னியம்மா மறுக்கவில்லை. "கும்புட்டது நெஜந்தாங்க."

"அவங்களே சொல்லிட்டாங்க. எக்ஸ்ரேவும் நல்லா இருக்கு. ஜாஸ்தி இழுக்காதம்மா" என்றார் டாக்டர்.

நான் கன்னியம்மாவை எழுப்பி நிறுத்தினேன். "அன்னைக்கு எப்படிக் கும்பிட்டீங்களோ, அப்படியே செய்ங்கக்கா."

கைகள் தலைக்கு மேல் குவிந்தன. முழங்கால் மடங்கியது. இடுப்பு பின்னால் வளைந்து உடம்பு மொத்தமும் சாய்ந்தது. தூரத்தில் நின்று பார்ப்பவர் அண்ணாந்து பார்ப்பதாகத்தான் நினைப்பார். கழுத்து மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்த ஊரில் கழுத்து அளப்பதில் உள்ள சிக்கலே இதுதான். மேலே பாருங்கள் என்றால் கை தானாகக் கும்பிடப் போகும், உடம்பும் கூடவே சாயும். அதனால் முதுகை நாற்காலியோடு பெல்ட் போட்டுக் கட்டித்தான் நான் அளப்பேன். இப்போதும் உட்காரவைத்துப் பெல்ட்டைப் போட்டேன்.

"இப்பக் கோபுரம் பாருங்க."

கண்கள் மட்டும் மேலே போயின. மோவாய் கொஞ்சம் உயர்ந்து நின்றுவிட்டது. வலியில் கண்ணீர் வந்தது.

"நீங்களே கை வெச்சுப் பாருங்க சார்" என்றேன். டாக்டர் வைக்கவில்லை. மேஸ்திரி செல்போனை நோண்டத் தொடங்கினார்.

"சொன்னபடி எழுதலைன்னா நான் வேற பிசியோவப் பாத்துக்கறேன்" என்றார் டாக்டர்.

"பாத்துக்குங்க சார். ஆனா நான் அளந்ததுக்குத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

அளந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஆலை வேறு வழியில்லாமல் வேலையை மாற்றியது. டாக்டர் வெகுநாள் என்னோடு பேசவில்லை. அதனால் எனக்கொன்றும் குறைந்துவிடவில்லை. வேறு பிசியோவும் வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வலி பொய் என்று யாராவது அடித்துச் சொன்னால் வாயாடிக்கொண்டு நிற்காதீர்கள், பெல்ட்டை எடுங்கள். அளந்த பிறகு எவர் சொன்னாலும் மாற்றாதீர்கள்.

கன்னியம்மா விடாமல் பயிற்சிக்கு வந்தார். கடைசியாக வந்த அன்று சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்தப் பௌர்ணமிக்கு முட்டி மடக்காம கோபுரத்தப் பாத்தேங்க. மேஸ்திரி பக்கத்துலதான் நின்னாரு. நல்லாப் பாத்துக்கய்யான்னு மனசுல சொல்லிக்கினேன்."