ஆளில்லாத ரயிலில் பாக்கியத்தோடு

மருமகள் புது சோபா வாங்கியிருக்கிறாள். பாலிதீன் உறையைக் கிழித்ததும் எழுந்த வாசனைக்கு நான் வாசலுக்கே போய்விட்டேன். சோபாவுக்குப் போய்ப் பயப்படுகிற கிழவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

துபாயில் ஒரு குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த காலம். ஆளே ஓட்டாத மின்சார ரயிலை அப்போதுதான் விட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை லீவில் என்னோடு சுற்றுகிறவள் பாக்கியம், தொண்டிப் பக்கத்துக்காரி. விசா கொடுத்து வேலைக்கு வைத்திருந்த முதலாளியான கபீல் வீட்டைவிட்டு ஓடிவந்தவள். பாஸ்போர்ட் அங்கேயே மாட்டிக்கொள்ள, பக்கத்து ஊரான அஜ்மானில் ஒளிந்திருந்து வீட்டுவேலை செய்தாள். பிடிபட்டால் ஜெயில். ஆனாலும் எங்கள் இருவரில் நடுங்குகிறவள் நான்தான்.

"ஓட்ட ஆளே இல்லியே பாக்கியம், கடல்ல கொண்டுபோய் எறக்கிட்டா?"

"யாத்தே, ஆளு இருந்தாத்தான்டி எனக்குப் பயம். மெஷினு வந்து பதாக்கா கேக்குமா?"

பதாக்கா என்றால் அங்கே வேலைசெய்கிறவர்களின் அடையாள அட்டை. என்னிடம் இருந்தது, அவளிடம் இல்லை.

பெண்கள் பெட்டியில் ஏறி, முன்னால் காலியாகக் கிடந்த பெரிய இருக்கைகளில் போய் உட்கார்ந்தோம். இந்த சோபாவின் அதே புதுத் தோல் வாசனை. ரயில் உயரத்தில் வளைந்து திரும்பியபோது கட்டடங்களுக்கு நடுவே கடல் பளிச்சிட்டது.

"இந்தத் தண்ணிதான்டி தொண்டிக்கும் போவுது" என்று என் கையைப் பிடித்தாள். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாதிக் கடலைத்தான் பார்த்தேன்.

அது கூடுதல் காசு கொடுத்தவர்களின் 'கோல்டு' இடம் என்று யார் கண்டது? சீருடைக்காரர் ஒருவர் ஒவ்வொருவரிடமும் அட்டை கேட்டபடி வந்தார். பாக்கியம் என் கையை விட்டாள். ரயில் ஒரு ஸ்டேஷனில் நின்றது.

"நீ உக்காரு. என்னயத் தெரியாத மாதிரி இரு" என்றாள். கதவு மூடுவதற்குள் இறங்கி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

சீருடைக்காரர் என்னிடம் வந்ததும் பதாக்காவை எடுத்தேன். அவரோ, "அம்மா, யே கோல்டு ஹை. பீச்சே ஜாவ்" என்று பின்பக்கம் கையைக் காட்டினார். அவ்வளவுதான். அவர் பார்த்துக்கொண்டு வந்தது டிக்கெட் அட்டையைத்தான், பதாக்காவைக் கேட்கவே இல்லை.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தேன். அவள் இல்லை. கூப்பிட்டால் அவள் போன் அடித்தது, எடுக்கவில்லை. மறுநாள் அடிக்கவும் இல்லை. அஜ்மானில் அவள் அறையில் கூட இருந்தவர்கள், "அன்னிக்குப் போனவ வரவேயில்லக்கா" என்றார்கள். பிடித்தார்களோ, ஊருக்கு அனுப்பினார்களோ! போலீசில் போய் விசாரித்தால் நானே காட்டிக்கொடுத்தது போலாகும்.

நாங்கள் வழக்கமாகச் சந்திக்கும் பஸ் ஸ்டாப்பில் எத்தனையோ வெள்ளிக்கிழமை நின்றேன். இப்போது அங்கே லீவை சனி, ஞாயிறுக்கு மாற்றிவிட்டார்களாம். பாக்கியம் என்னைத் தேடி வந்தாலும், நாங்கள் சந்தித்துக்கொள்ள அந்தக் கிழமைகூட மிச்சமில்லை.