இடது இருக்கையின் பிரேக்

நான்கு இட்லியில் இரண்டைத் தின்றுவிட்டு, இன்னும் வை என்று மனைவி செல்வியிடம் சத்தம் போட்டேன். "தட்டுலயே ரெண்டு இருக்குங்களே" என்றாள். குனிந்து பார்த்தேன். இல்லை. என்னைக் கேலி செய்கிறாள் என்று கோபத்தோடு எழுந்தவன் அப்படியே விழுந்தேன்.

திருச்சி மருத்துவமனையில் பக்கவாதம் (மூளைக்கு ரத்தம் போகும் குழாய் அடைபடுவது) என்றார்கள். இடது கையும் காலும் மூன்று மாதத்தில் ஓரளவு தேறின. தேறாதது வேறொன்று. இடப்பக்கப் புறக்கணிப்பு (கண் நன்றாக இருந்தும் இடது பாதியை மூளை கணக்கில் எடுக்காத நிலை) என்று டாக்டர் விளக்கினார்.

உங்கள் வீட்டில் யாராவது பாதித் தட்டோடு எழுந்தால் திட்டாதீர்கள். மறு பாதி அவர்களுக்கு இருட்டாகத் தெரிவதில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பெரம்பலூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவன் நான். இடது கண்ணாடியைப் பார் என்று குரும்பலூர் சாலை முழுக்கக் கத்தியவன். எனக்குப் போய் இடதே இல்லை என்றால் நான் எதற்கு? செத்துத் தொலைத்திருக்கலாம் என்று தோன்றியது. செல்வியிடம் சொல்லவும் சொன்னேன்.

பிசியோதெரபி கொடுத்த பெண்தான் வழி சொன்னார். டிவியில் கார் ஓட்டும் கேம் ஆடட்டும், விளையாட்டென்றால் அலுக்காமல் இடப்பக்கம் தேடுவார் என்றார். பிளஸ் டூ படித்த மகள் கயல், தோழி வீட்டிலிருந்து கேசட் போட்டு ஆடும் வீடியோ கேமை வாங்கி வந்தாள். டிவியின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு ரிப்பனை ஒட்டிவிட்டு என் இடப்பக்கம் உட்கார்ந்தாள்.

அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே ஓட்டியவன், டிவியில் வந்த பொம்மை லாரி ஒன்றையும் விடாமல் முட்டினேன். "லெஃப்ட்டுப்பா, ரிப்பனத் தேடுங்க" என்று குரல் வரும். ஆளைக் காணாது. பலமுறை ரிமோட்டை வீசி எறிந்திருக்கிறேன். கயல் பொறுக்கி வந்து மறுபடி கையில் கொடுப்பாள். என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் நான் அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து முட்டாமல் ஒரு சுற்று முடித்தேன். அழுதுவிட்டேன். அன்றே ஸ்கூல் காரின் சாவியைக் கேட்டேன். செல்வி மறுத்தாள். இரண்டு நாள் பட்டினி கிடந்து வாங்கினேன்.

ஊருக்கு வெளியே, நாங்கள் பயிற்சி கொடுக்கும் காலி மைதானம். கயல் இடது இருக்கையில் இருந்தாள். சொல்லிக்கொடுப்பவருக்காக அங்கே இன்னொரு பிரேக் உண்டு. செல்வி தூரத்தில் ஓரமாக நின்றாள். டிவியில் இருந்த ரிப்பன் இங்கே இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மெதுவாகத்தான் ஓட்டினேன். சட்டென்று கயல், "ரைட்டுப்பா, ரைட்டு" என்று பதறினாள்.

வலப்பக்கம் திருப்பச் சொல்லியிருக்கிறாள். கண்டக்டர் ரைட் என்றால் வண்டியை எடு என்று அர்த்தம். கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் நானும் அப்படித்தான் சொல்வேன்; என் காதுக்கு ஆயுசு முழுக்க அதுதான் பழக்கம். ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

கார் குலுங்கி நின்றது. கயல் தன் பக்கத்து பிரேக்கை மிதித்திருந்தாள்.

"அம்மா நிக்குதுப்பா."

எங்கே என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். பானெட்டின் இடது மூலையில் இரண்டு கையையும் ஊன்றியபடி செல்வி நின்றிருந்தாள். ஏன் விலகவில்லை என்று அவளையே அதட்டினேன். வெட்கம் கெட்டவன்.

"நீங்க பாத்துருவீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

சாவியை அன்று செல்வியிடம் திருப்பிக் கொடுத்ததோடு சரி. கேம் இன்னும் ஆடுகிறேன், ஓட்டுவதற்காக அல்ல. சாப்பிடும்போது செல்வி என் இடப்பக்கம்தான் உட்காருகிறாள். இந்தப் பக்கம் வா என்றால் வருவதில்லை. அவளைப் பார்க்க, தட்டு, டம்ளர், தண்ணீர்ச் செம்பு என்று ஒவ்வொன்றாகத் தாண்டி நான் கழுத்தைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். முன்பு கண் இமைக்கிற நேரத்தில் நடந்த காரியம். நான் போய்ச் சேரும்வரை அவள் சோற்றில் கை வைக்காமல் காத்திருக்கிறாள்.