சடச்சி பிழைக்கவில்லை

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து இந்த மாதத்தோடு ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதும்படி உறவினர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அமிர்தி மரக்கிடங்கில் வேலை பார்க்கிறேன். நல்ல வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம்தான் வருகிறது. வருகிறபடியே எழுதுகிறேன்.

அமிர்திக்குக் கீழே எங்கள் ஊரில், உபதேசியார் வீட்டு மூத்த பெண்ணாக அக்கா பிறந்தார்கள். அம்மா சீக்கிரமே இறந்துவிட்டதால் என்னை வளர்த்ததும் அவர்கள்தான். வேலூரில் ஆசிரியப் பயிற்சி முடித்ததும், புதூர்நாட்டு மலையில் ஓராசிரியர் பள்ளியைக் கேட்டு வாங்கிப் போனார்கள். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. அடிவாரத்திலிருந்து நடந்துதான் ஏற வேண்டும். "கல்யாணங்கூடப் பண்ணிக்காம மலையில இன்னா வேல இவளுக்கு? கொரங்குக்கா பாடம் சொல்றா?" என்று கேட்டவர்கள் சிலர் இந்த மலரைக் கையில் வைத்திருப்பார்கள். அவர்கள் பெயரை எழுதவில்லை. அவர்களுக்கே தெரியும்.

பாடப்புத்தகத்தில் வரும் ரயிலும் கடலும் மலைப் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று அக்கா தாமே கதை எழுத ஆரம்பித்தார்கள். புளியமரம் உலுக்கும் காலத்தில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து புளியில் கொட்டை எடுப்பார்கள். அக்கா நடுவில் உட்கார்ந்து, எழுதியதை வாசிப்பார்கள். பிள்ளைகளின் கை எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடம் கதையில் இருக்கும். கை ஓடிக்கொண்டே இருந்தால் அந்தப் பக்கத்தை அன்றைக்கே கிழித்துவிடுவார்கள். சென்னைப் பத்திரிகைகளில் வந்த கதைகள் எல்லாம் இப்படித் தேறியவைதான்.

முதலில் கை நிற்பது சடச்சிக்கு. ஒன்பது வயதுப் பிள்ளை. "காதால கேளுடி! கையி இன்னாத்துக்கு நிக்குது?" என்று கூட உட்கார்ந்து கொட்டை எடுக்கும் அவள் அம்மா திட்டுவாள். "கையும் கேக்குதும்மா" என்பாள் அவள்.

யுத்த காலத்தில் மலைக்காய்ச்சல் வந்தது. அதற்குக் கொடுக்கும் கொயினா மாத்திரை எல்லாம் பட்டாளத்துக்கு என்றார்கள். அக்கா இரண்டு முறை கீழே இறங்கி ஆஸ்பத்திரி வாசலில் நின்று வெறுங்கையோடு ஏறினார்கள். இரண்டாம் முறை ஏறி வந்த அன்று சடச்சி அவர்கள் மடியிலேயே செத்தாள். அடக்கம் முடிந்ததும் அவள் அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் பொண்ணு பேர எழுதுங்க டீச்சரம்மா. மாத்தர இல்லாமதான் போனான்னு எழுதுங்க."

"எழுதறேன்" என்று அக்கா வாக்குக் கொடுத்தார்கள். எழுதவும் செய்தார்கள். அதுதான் பரிசு பெற்ற புத்தகம்.

கையெழுத்துப் பிரதியை வாங்கிய, குழந்தைப் புத்தகம் போடும் சென்னைச் சங்கம், அதை மாற்றும்போது அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சங்கம் பரிசாகக் கொடுத்த தங்கப் பதக்கமும் அச்சான புத்தகமும் ஒரே பார்சலில் மலைக்கு வந்தன. அக்கா புத்தகத்தைத்தான் முதலில் பிரித்தார்கள். சடச்சி அதில் சரோஜா ஆகியிருந்தாள். களி தின்றவள் இட்லி தின்றாள். கடைசிப் பக்கத்தில் டாக்டர் மோட்டாரில் வந்து ஊசி போட, சரோஜா எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறாள்.

வழக்கப்படி அதையும் பிள்ளைகளுக்கு வாசித்தார்கள். ஒரு கையும் நிற்கவில்லை. "மோட்டாரு எந்த வயியா வந்துச்சு டீச்சரம்மா? பறந்து வந்துச்சா?" என்று ஒரு பிள்ளை கேட்க, எல்லாம் சிரித்தன. சடச்சியின் அம்மா சிரிக்கவில்லை. "அப்ப எம் பொண்ணு எங்க?" என்றாள்.

அக்கா என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போனார்கள். சங்கத்துச் செயலாளர் காப்பி வரவழைத்தார். "கொழந்தைங்க படிக்கிற புஸ்தகம்மா இது. அதுல சாவு எதுக்கு?"

"செத்ததே கொழந்ததாங்க" என்றார்கள் அக்கா.

"பதக்கம் வாங்கின புஸ்தகம். இனிமே ஒரு எழுத்தைத் தொட முடியாது. சந்தோஷமா ஊருக்குப் போங்க."

நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. வெட்கம், பயம், எல்லாம்தான். இந்த மலரில் நான் ஏசுகிறவர்களில் முதல் ஆள் நான்.

அதற்குப் பிறகு அக்கா எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. சென்ற ஆண்டு அவர்களுக்கும் அதே காய்ச்சல். டோலி கட்டிக் கீழே கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் பதக்கத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. சடச்சி சாகிறபடி தம் கையால் எழுதியிருந்த கடைசிப் பக்கத்தை என்னிடம் கொடுத்து, "இத அச்சுல போட்ருடா. அந்தம்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்றார்கள்.

அடக்கத்துக்குச் செயலாளர் பெரிய மாலையோடு வந்தார். சரோஜா பிழைத்தெழும் காட்சி ஒன்றே அக்காவின் புகழுக்குப் போதும் என்று கல்லறை ஓரத்தில் நின்று பேசினார். "இன்னாமா பேசுனாரு பாத்தியா!" என்று சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குப் பதக்கம் எங்கே என்று என்னை மூன்று பேர் கேட்டார்கள். கடைசிப் பக்கம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். மழையில் வழுக்கும் பாதையில் அக்காவைக் கீழே இறக்காமல் தோள் மாற்றிச் சுமந்த புதூர்நாட்டு ஆட்கள். மூன்று நாளும் பக்கத்திலேயே இருந்த நர்சம்மா. களை வெட்டை விட்டுவிட்டு அடக்கத்துக்கு நடந்தே வந்து, உறவுக்காரர் கூட்டத்தில் இடம் இல்லாமல் வேலி ஓரமாக நின்ற சடச்சியின் அம்மா.

இந்த மலரை அச்சடித்துக் கொடுத்த வேலூர் அச்சுக்கூடத்துக்காரருக்கும் நன்றி. அக்கா கொடுத்த பக்கத்தை அவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "சாவு மலர்ல இன்னொரு சாவு இன்னாத்துக்குங்க? சொந்தக்காரங்க ஒத்துக்குவாங்களா?" என்றார்.

"ஒத்துக்க மாட்டாங்க. போடுங்க" என்றேன்.

அச்செழுத்தைக் கோக்கத் தொடங்கியவர் மறுபடி தலை தூக்கினார். "புஸ்தகத்துல சரோஜான்னு இருக்குதே. எந்தப் பேரப் போடட்டும்?"

"சடச்சி" என்றேன்.

அந்தப் பக்கம் இதன் பின்னால் இருக்கிறது. திருப்பிப் படியுங்கள்.