காதுக்கட்டி

நேற்று சாயங்காலம் என் மகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அறிவியல் நோட்டில் படம் போட்டுக்கொண்டிருந்தாள். உடம்பின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் செல்களாம். சின்னச் சின்னச் சதுரங்கள், வரிசையாக. ஒவ்வொரு சதுரத்துக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருந்தாள். நான் பத்தாவதோடு நின்றவன். அவள் ஒன்பதாவதுதான், ஆனாலும் பாடத்தில் என்னை எப்போதோ தாண்டிவிட்டாள். அப்படியும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இடைவெளி விடாதம்மா, ஒழுகிப்போயிரும்."

"ஒங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

எப்படித் தெரியும் என்றால், நான் ஆட்டுக்குடல் கழுவியவன். ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் நானும் என் மச்சானும் கறிக்கடை வைத்திருந்தோம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். குடலைக் கழுவும்போது ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையில் தண்ணீர் ஊற்றுவேன். பாம்பு போல உப்பிக்கொண்டு நிற்கும், ஒரு சொட்டு வெளியே வராது. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பார்த்தால் பூத்துவாலை மாதிரி இருக்கும். துவாலையில் ஊற்றினால் ஒழுகும் தண்ணீர் இதில் ஏன் ஒழுகவில்லை என்று அன்றைக்கு நான் யோசித்ததே கிடையாது.

காரணத்தை மகள்தான் படித்துச் சொன்னாள். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் மேல்விளிம்பில் நெருக்கித் தையல் போட்டது போல ஒட்டியிருக்குமாம். அதற்குக் கீழே பொத்தான் மாட்டியது போல அங்கங்கே ஒரு பிடிப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் விரிப்பு மாதிரி ஒரு சவ்வு. கறிக்கடையில் நாங்கள் சவ்வு என்று உரித்துப் போடுவோமே, அதுதானே என்று கேட்டேன். இல்லையாம். அது தடிச் சவ்வு, இது வெறும் கண்ணுக்குத் தெரியாதாம். சரி என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தோப்பில் தென்னை மட்டையைக் கொளுத்தினார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் நான் நோட்டை விட்டு, நினைப்பில் அந்தக் கடைக்கே போய்விட்டேன். ஆட்டுத்தலையைத் தென்னை மட்டைத் தீயில் வாட்டுவது அங்கே என் வேலை. முடி கருகும் வாசனையோடுதான் ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்புவேன். குளித்தாலும் போகாது.

வாட்டிய தலையை மச்சான் வாங்கி, காதுக்குக் கீழே, தாடைக்குப் பின்னால் கத்தியை விட்டு ஒன்றைச் சீவி எறிவார். வெளிறிய நிறத்தில், குருணையை அள்ளி அமுக்கி வைத்த மாதிரி கொத்தாக இருக்கும். அதற்கு எங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர் காதுக்கட்டி. எதற்காக எறிகிறோம் என்று ஒருநாள் கேட்டேன். "பாக்க நல்லாருக்காது மாப்ள" என்றார். அவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சி.

கடை திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெருக்கியதில் தலையை நானே பிளந்து கொடுத்துவிட்டேன், அதைச் சீவ மறந்துபோனேன். வாங்கிப் போனவர் எதிரில் மெஸ் நடத்திய மெய்யம்மை அக்கா. அரைமணி நேரத்தில் தூக்குவாளியோடு திரும்பி வந்தார். கடை முன்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். காதுக்குக் கீழே இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார்.

"என்னங்க தம்பி, சீக்கு ஆட்ட எந்தலையில கட்டிட்டீங்களே."

நான் பதறவே இல்லை. அதுதான் தப்பு. "அது காதுக்கட்டிக்கா. நம்ம கடையில எல்லா ஆட்டுக்கும் இருக்கும்" என்றேன்.

"எல்லா ஆட்டுக்குமா?" என்றார் பின்னால் நின்றவர். கையில் இருந்த பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு பேர் சத்தமில்லாமல் எதிரில் இருந்த இன்னொரு கறிக்கடைப் பக்கம் நகர்ந்தார்கள். மச்சான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், என்னை நம்பி அந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். சீக்கு ஆடு என்ற பேச்சு பஸ் ஏறிவிட்டால் அடுத்த ஞாயிறு கடையில் நாங்கள் இரண்டு பேர்தான் நிற்போம்.

அப்போது என் கை தானாக என் காதுக்கடியில் போனது. நாலாவது படிக்கும்போது எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, அதே இடம் பந்து மாதிரி வீங்கிக் கிடந்தது. வீங்கினால் தங்கச் சங்கிலி போடுவார்களே, எனக்கும் அம்மா தன் சங்கிலியைப் போட்டுவிட்டார். சங்கிலியால் குணமானதா என்று தெரியாது. ஆனால் புளியங்காயைப் பார்த்தாலே காதுக்கடியில் சுருக்கென்று வலித்தது மட்டும் மறக்கவில்லை. புளியைப் பார்த்தால் வாய்தானே ஊறும், காதடி ஏன் வலிக்க வேண்டும்? இத்தனை வருஷம் கழித்து, கறிக்கடையில் நின்றுகொண்டு, எனக்கு அது விளங்கியது.

பிளக்காத தலை ஒன்றை எடுத்து வாயை அகட்டினேன். கன்னத்தின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு, காதடியை அழுத்தி முன்பக்கமாக நீவினேன். ஒன்றும் வரவில்லை. யாரோ செருமினார்கள். இன்னும் பின்னாலிருந்து மெல்ல நீவினேன். மேல் கடைவாய்ப் பல்லுக்கு நேரே, கன்னத்தில் கடுகு மாதிரி ஒரு புள்ளி. அதில் தெளிவாக ஒரு சொட்டு வந்து நின்றது.

"கட்டின்னா சீழு வரும்க்கா. இது எச்சி. ஒங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு."

மெய்யம்மை அக்கா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து தன் காதடியை அமுக்கிப் பார்த்துக்கொண்டார். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். "அப்ப இத்தன நாளும் எங்கண்ணுல காட்டாம சீவுனது எதுக்குங்க?"

மச்சான் கீழே வைத்த கத்தியை எடுத்துத் துடைத்தார்.

"இனிமே எந்தலையில கட்டுறதா இருந்தா கட்டியோட கட்டுங்க" என்று வாளியை மூடிக்கொண்டு போனார். பை மடித்தவர் சிரித்துக்கொண்டே பையை விரித்தார். அதன்பிறகு ஒன்பது வருஷம் அந்தக் கடை நடந்தது.

இதைச் சொல்லி முடித்ததும் மகள் புத்தகத்தைப் புரட்டினாள். அந்தக் கொத்து தனியாக முளைத்ததில்லையாம். வாயைப் போர்த்திய அதே செல்கள், பிசைந்த மாவில் விரலை விட்டதுபோல உள்ளே இறங்கி, கிளை கிளையாகப் பிரிந்து ஆனதாம். அத்தனை தூரம் போயும் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருக்கின்றன. போன வழிதான் எச்சில் வரும் குழாய். அவள் அம்மா காலையில் மாத்திரை போடுகிறாளே, அந்தத் தைராய்டும் நாக்கின் அடியிலிருந்து அப்படி இறங்கியதுதான். அதற்கு மட்டும் வந்த வழி மூடிப்போனது, அதனால் நேராக இரத்தத்தில் சுரக்கிறது.

மச்சான் இப்போது மலேசியாவில் இருக்கிறார். மெஸ் இருந்த இடத்தில் ரோடு அகலமாகிவிட்டது. கறி இன்று துண்டுகளாகக் கவரில் வருகிறது. தலையைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை பிடிக்க யாரும் இல்லை.

மகள் சதுரங்களை அழித்து, இடைவெளி இல்லாமல் புதிதாகப் போட்டாள். பக்கத்தில் ஒரு கொத்து வரைந்து 'உமிழ்நீர்ச் சுரப்பி' என்று பேனாவால் எழுதினாள். எனக்காக அதற்குக் கீழே பென்சிலால் 'காதுக்கட்டி' என்றும் எழுதினாள். இன்று காலை பள்ளிக்கூடம் கிளம்புமுன் அதை ரப்பரால் அழித்துவிட்டாள். மார்க் போய்விடுமே, அழித்தது சரிதான். ஆனாலும் நோட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அழுத்தி எழுதியிருக்கிறாள். தடம் இருந்தது.