அலை உடையாத இடம்

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு அவரை முல்லைத்தீவுக் கடற்கரையில் கண்டேன். மெலிந்த மனிதர், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். கடல் எங்கும் வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, ஓரிடம் மட்டும் குளம்போலக் கிடந்தது. அதற்கு நேரே, கணுக்கால் தண்ணீரில், கரையைப் பார்த்தபடி, வயலுக்குள் மாடு இறங்காமல் மறிப்பவரைப்போலக் கைகளை விரித்து நின்றார்.

குளிக்க வந்த இளைஞர்கள் சிரித்தார்கள். "ஐயா, கடலையும் காணிபோல உறுதி எழுதி வாங்கிட்டியளோ?"

"ஓம் தம்பியவை, இந்தத் துண்டு என்ரை. அங்காலை போய்க் குளியுங்கோ."

என் மகளும் அந்த அமைதியான தண்ணீருக்கே என்னை இழுத்தாள். அவர் எங்களையும் மறித்தார்.

"அலை அடிக்கிற இடத்திலை பிள்ளையை எப்பிடி ஐயா விடுறது?" என்றேன்.

"எந்த ஊர்?"

"வட்டக்கச்சி."

"எனக்கு ஊர் அக்கராயன். குளத்திலை நீந்திப் பழகின எங்களுக்கு, அலையில்லாத இடம் பயமில்லை எண்டுதான் நினைப்பு. கரைக்கு அடிக்கிற தண்ணி, அலை உடையாத இடத்தாலைதான் திரும்பிக் கடலுக்கு ஓடுது. ஆளையும் கொண்டு போயிடும்."

"ஆர் சொன்னது?"

"வள்ளத்திலை என்ரை மகளைத் தேடிப் போனவை, பிறகு சொன்னவை." அவர் குரல் இறங்கியது. "அவள் அலைக்குப் பயந்தவள். நான்தான் இந்த இடத்தைக் காட்டி, 'இஞ்சை இறங்கு பிள்ளை' எண்டனான்."

நான் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பின்னேரம் நாங்கள் புறப்பட்டபோது கரையில் வேறு ஒருவரும் இல்லை. மறிப்பதற்கும் யாருமில்லை. அவர் மட்டும் அதே இடத்தில், இப்போது கடலைப் பார்த்துத் திரும்பி, கைகளை விரித்தபடி நின்றார்.